மாட்டைப் பிடிக்கும் முன் பூங்காவின் வேலியை அடைத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், நகராட்சி ஆணையர், வார்டு உறுப்பினர்கள் ஆகியோருக்கும், பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கும்,

வணக்கம்.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து புறவழிச்சாலைக்குப் போகும் வழியில், நகராட்சிப் பூங்காவுக்கு எதிரே இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். மாட்டில் மோதிய வண்டியை உருட்டி வந்து நிறுத்தும்போதே எனக்குத் தெரிந்துவிடும். சுவரிலோ இன்னொரு வண்டியிலோ மோதியிருந்தால் முன்சக்கரத்தின் ரிம் நெளிந்து, ஃபோர்க் பின்னோக்கி மடங்கியிருக்கும். மாட்டில் மோதிய வண்டிக்குச் சேதம் மேலே இருக்கும். ஹெட்லைட்டும் அதைச் சுற்றியுள்ள டூமும் நொறுங்கி, ஹேண்டில் பார் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். பிறகு வண்டி சாய்ந்து தாரில் இழுபட்டதால் கால்மிதியும் சைலன்சரும் தேய்ந்திருக்கும். உடைந்த கண்ணாடியின் இடுக்கில் ரோமம் ஒட்டியிருப்பதும் உண்டு. வண்டியைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அதை ஓட்டியவராக இருப்பதில்லை. தம்பியோ மச்சானோதான் கொண்டுவருவார்.

இந்த வண்டிகளால்தான் எனக்குப் பிழைப்பு நடக்கிறது என்று யாரேனும் சொல்லலாம். இப்படி வரும் வேலை எனக்கு வேண்டாம்.

மாடு பிடிக்கும் வண்டியை அனுப்புங்கள் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. அதை ஏற்கெனவே பலர் கேட்டார்கள், நீங்களும் அனுப்பினீர்கள். சாலையில் மாடு நிற்பதற்குக் காரணம் சாலையில் இல்லை, பூங்காவில் இருக்கிறது என்பதையே சொல்ல வந்தேன்.

பட்டறை வாசலிலிருந்து பார்த்தால் இது விளங்கும். விடியற்காலைப் பால் கறவை முடிந்ததும் மாட்டின் கயிறு அவிழ்க்கப்படுகிறது. மேற்குத் தெருக்களில் இருந்து மாடுகள் தாமாகவே சாலையைக் கடந்து பூங்காவுக்குள் போகின்றன. பள்ளி வேன்களும் அலுவலகம் போகிறவர்களும் விரைகிற நேரம் அது. பகலெல்லாம் மேய்ந்து, மர நிழலில் அசைபோட்டுவிட்டு, மாலைக் கறவைக்கு அதே வழியில் திரும்புகின்றன. அப்போது பள்ளி விட்டிருக்கும். கறவை முடிந்தால் மறுபடியும் அவிழ்த்துவிடுகிறார்கள். இந்தமுறை மாடுகள் பூங்காவரை போவதில்லை, பாதி வழியில் சாலையிலேயே படுத்துவிடுகின்றன. பகலில் சூடேறிய தார் இரவில் கதகதப்பாக இருக்கிறது. மழை பெய்தால் மண்தரை சேறாகிவிடும், சாலைதான் முதலில் காயும். வண்டிகள் போகும் காற்றில் ஈயும் கொசுவும் அண்டுவதில்லை. மாட்டின் கணக்கில் இதைவிட நல்ல படுக்கை கிடையாது.

அத்தனை மாடும் இந்தப் பூங்காவுக்கே வருவானேன்? சித்திரை, வைகாசியில் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு பச்சையும் இராது. குளத்துக்கரை, ரயில்வே ஓரம் எல்லாம் பொசுங்கிக் கிடக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சி நீங்கள் வளர்க்கும் புல்தரை மட்டும் பச்சையாக இருக்கும். கோடையில் ஊரிலேயே பெரிய மேய்ச்சல் நிலத்தை நடத்துவது நகராட்சிதான். அதைத் திறந்தும் வைத்திருக்கிறீர்கள். பின்பக்கக் கம்பி வேலி இரண்டு இடங்களில் அறுக்கப்பட்டிருக்கிறது. முன்வாசல் இரும்புக் கதவின் கீல் பெயர்ந்து, கதவு சுவரில் சாய்ந்து கிடக்கிறது. வாசலை ஒட்டியே குப்பைத் தொட்டி. அமாவாசை தோறும், அரவமில்லாமல் புண்ணியம் சேர்க்க வருகிறவர்கள் அகத்திக்கீரைக் கட்டோடு வாசலில் நின்று, வண்டிகள் போகும் திசையிலேயே மாட்டுக்கு நீட்டுகிறார்கள். கீரை கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. தொழுவத்தில் போய்க் கொடுத்தாலும் மாடு தின்னும், புண்ணியத்துக்கும் குறைவு வராது.

இன்னொன்றும் உண்டு. பூங்காவின் சாலையோரம் நெடுக அரளி வைத்திருக்கிறீர்கள். அரளி நஞ்சு, மாடு அதில் வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டிலும் அதனால்தான் அதை நடுகிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் ஆள் உயரத்துக்கு வளரவிட்டு இடையிடையே இடைவெளியும் விட்டிருக்கிறீர்கள். அந்த இடைவெளிகளே மாட்டின் வாசல். வண்டியோட்டிக்கு மாடு கண்ணில் படும்போது அதன் தலை ஏற்கெனவே தாருக்கு வந்திருக்கும். அங்கேயே ஷேர் ஆட்டோ ஒன்று நின்றிருந்தால் தலைகூடத் தெரியாது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. எதையோ கண்டு, அது மாடு என்று உணர்ந்து, கையும் காலும் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 21 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க இன்னும் 15 மீட்டராவது வேண்டும். ஆக மொத்தம் 36 மீட்டர். சில வருடம் ஓடிய வண்டியின் மங்கிய ஹெட்லைட் தாழ்வெளிச்சத்தில் அவ்வளவு தூரம் காட்டினாலே பெரிது. மழை பெய்திருந்தால் நிற்கும் தூரம் இன்னும் கூடும். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். எங்கள் ஊரில் ஓடுவதில் பெரும்பாலானவை 100, 110 சிசி வண்டிகளும் ஸ்கூட்டர்களும்தான். அவற்றில் பலவற்றுக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். பதறிப்போய்ப் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். மாட்டைத் தொடாமலேயே விழுந்தவர்களும் உண்டு.

இரவில் மாட்டின் கண் பளபளக்குமே என்பார்கள். ஓட்டுபவரை நோக்கித் தலை நிமிர்ந்து நின்றால் பளபளக்கும். குனிந்து மேய்கிற மாட்டுக்கும் பக்கவாட்டில் படுத்திருக்கிற மாட்டுக்கும் அந்த ஒளி தெரியாது. கறுப்பு மாடு, எருமை என்றால் சொல்லவே வேண்டாம். மாட்டுக்கும் நம்மைச் சரியாகத் தெரிவதில்லை. இரு பக்கமும் அகலமாகப் பார்க்கும் அதன் கண்ணுக்கு, நேராக வரும் பொருளின் தூரமும் வேகமும் சுலபமாகப் பிடிபடுவதில்லை. இருட்டிலிருந்து திடீரென்று ஹெட்லைட் வெளிச்சத்துக்கு வந்தால் கண் கூசி நின்றுவிடும். ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கன்று ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் பிரிந்துபோனால் தாய் வண்டியைப் பார்க்காது, கன்றைத்தான் பார்க்கும். ஒரு மாடு கடந்தால் பின்னால் இன்னும் மூன்று வரும். ஆதலால் முதல் மாட்டுக்கு வேகம் குறைத்தவர் இரண்டாவது மாட்டில் போய் மோதுகிறார்.

இது நம் ஊரின் தனிக்கதை அல்ல. 2024 ஜூனில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் சாலையில் முட்டிக்கொண்ட இரண்டு மாடுகள், இருசக்கர வாகனத்தில் வந்த நீதிமன்ற ஊழியர் ஒருவர் மீது மோதின. அவர் நிலைகுலைந்து விழுந்து பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து தாயோடு திரும்பிய சிறுமியை மாடு முட்டித் தூக்கிய காணொளியை நாமெல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு அக்டோபரில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டிய முதியவர் ஒருவர் உயிரிழந்தார். 2024 ஜூனில் திருவொற்றியூரில் எருமை ஒன்று ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. இவற்றுக்குப் பிறகு அபராதம் ஏறியது. சென்னை மாநகராட்சி 2024-இல் அதை முதல் முறைக்கு 10,000 ரூபாய், மறுமுறைக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தியது.

அபராதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். புகார் வந்ததும் வண்டி வருகிறது. ஆட்கள் கயிறோடு இறங்கிச் சாலையின் நடுவிலேயே மாட்டைத் துரத்துகிறார்கள். மிரண்ட மாடு பேருந்துக்குக் குறுக்கே பாய்கிறது. ஒன்றிரண்டு சிக்குகின்றன, உரிமையாளர் வந்து பணம் கட்டி மீட்டுக்கொண்டு போகிறார். மறுநாள் காலை அதே மாடு, அறுந்த அதே வேலி வழியாக, உங்கள் புல்லை மேய்கிறது. ஒரு மாட்டைப் பிடிக்க ஆகும் வண்டி வாடகையையும் கூலியையும் தீவனச் செலவையும் கூட்டிப் பாருங்கள். கதவுக்குக் கீல் மாட்ட அதில் எத்தனையில் ஒரு பங்கு ஆகும்?

சட்டமும் பூங்காவைப் பற்றி வாய்மூடி இருக்கவில்லை. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. அதன் 11-ஆவது பிரிவு பொதுச் சாலைகளோடு சேர்த்துப் பொதுமக்கள் உலாவும் பூங்காக்களையும் குறிப்பிடுகிறது. அங்கே திரியும் கால்நடையை, அந்த இடத்தின் பொறுப்பாளரே பிடிக்கலாம், பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு, அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டிக்கு, அனுப்ப வேண்டும் என்கிறது. சாலையும் பூங்காவும் ஒரே வரியில் வருவதைக் கவனியுங்கள். அன்றைக்கு எழுதியவர்களுக்கே இரண்டும் ஒரே சிக்கல் என்று தெரிந்திருந்தது. நம் ஊர்ப் பவுண்டு இப்போது பழைய தெருவிளக்குகளைப் போட்டு வைக்கும் கிடங்காக இருக்கிறது. 1997-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் நகர்ப்புறங்களில் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டும் என்கிறது. விலங்கைக் கவனக்குறைவாக விட்டு மனித உயிருக்கு ஆபத்து விளைவித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் மோதலுக்குப் பிறகு நடப்பது வேறு. மாடு எழுந்து போய்விடுகிறது, மனிதர் ஆம்புலன்சில் போகிறார். ‘வாகனத்தை ஓட்டி வந்தவர் தானாகவே நிலைதடுமாறி விழுந்தார்’ என்று ஒரு வரி எழுதப்பட்டால் மாடு கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. பிறகு அந்தச் சாலையில் மாட்டால் விபத்து ஏதும் பதிவாகவில்லை என்று கூட்டத்தில் பதில் வரும். முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தாங்குகிறது. அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு? மூன்றாம் நபர் காப்பீடு விழுந்தவருக்கே உதவாது, அது அவரால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது. வண்டியின் உரிமையாளரே ஓட்டினால் அவருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு, அதுவும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். தோள் எலும்பு உடைந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாத கொத்தனாருக்கு அதில் ஒன்றும் இல்லை. அவருடைய கடன் என் பட்டறைப் புத்தகத்திலும் நிற்கிறது, நான் கேட்கவும் முடியாது.

அடுத்து மாடு வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்.

உங்களில் பாதிப்பேரிடம் நான் பால் வாங்குகிறேன். மற்றவர்களின் வண்டிகள் என்னிடம்தான் வருகின்றன. ஆகவே ஒளிவுமறைவு வேண்டாம். அரசு 2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35-லிருந்து 38 ரூபாயாக உயர்த்தியது. எட்டு லிட்டர் கறக்கும் மாடு நாளொன்றுக்கு முந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் தரும். பிண்ணாக்கு, கலப்புத் தீவனம், வைக்கோல் விலையில் அதில் பெரும்பங்கு மாட்டின் வாய்க்கே திரும்பிப் போய்விடும். பூங்காவின் இலவசப் புல்தான் மிச்சத்தைக் காட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். மாடு வளர்க்கக் கூடாது என்று பேசுகிற புதுக் குடியிருப்புக்காரர்களோடு நான் சேரமாட்டேன். அவர்கள் வீடு நிற்கும் இடத்தில் உங்கள் அப்பா மாடு மேய்த்தார்.

ஆனாலும் சாலையைக் கடக்கும் மாட்டின் பின்னால் ஓர் ஆள் இல்லாதது எந்தக் காலத்து வழக்கம்? மேய்ப்பவன் இல்லாமல் மந்தை போனதாக உங்கள் தாத்தா சொல்லியிருக்கமாட்டார். காங்கேயம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். தன் சொந்த நிலத்தில் மேயவிடுகிறவர்களே சுற்றிலும் முள்கிளுவையை நெருக்கமாக நட்டு வேலி போடுகிறார்கள். மாட்டுக்கு வேலி என்பது நகரவாசிகள் கண்டுபிடித்த தண்டனை அல்ல, மாட்டுக்காரர்களின் பழைய அறிவு. காலையில் அழைத்துச் செல்லவும் மாலையில் அழைத்து வரவும் தெருவுக்கு ஓர் ஆள் முறைவைத்துக்கொள்ள முடியும். மாலைக் கறவைக்குப் பிறகு கட்டிப்போடுங்கள், ராத்திரி மேயும் புல்லால் கூடுகிற பால் எவ்வளவு இருக்கும்? கன்றைத் தனியாக அவிழ்க்காதீர்கள். காதில் இருக்கும் மஞ்சள் வில்லையை அறுத்து எறியாதீர்கள். 12 இலக்க எண் உள்ள அந்த வில்லை நாளை மாடு களவுபோனால் உங்களுக்கே சாட்சி. அடிபட்டால் மாடும்தான் போகிறது. இடுப்பு முறிந்த கறவை மாட்டைச் சாலையோரத்தில் வைத்துக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாட்டுக்கும் காப்பீடு இல்லை.

இனி நகர்மன்றத்தாரிடம் கேட்பது.

முதலாவது பூங்காவின் வேலி, இதே மாதத்தில். அறுந்த இரண்டு இடங்களும் அடைக்கப்பட வேண்டும். முன்வாசலில் ஆள் வளைந்து நுழையக்கூடிய, மாடு உடலைத் திருப்ப முடியாத கடவு அமைக்கலாம். ஒவ்வொரு தோட்டத்து வேலியிலும் இது இருக்கிறது, வெளியூரிலிருந்து ஆலோசகர் வரத் தேவையில்லை. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் பக்கத்தில் பூட்டுள்ள கதவு ஒன்றும், அதைத் திறக்கக் காவலாளியும் வேண்டும். காவலாளிக்குச் சம்பளம் போவதாகக் கேள்வி, ஆளைத்தான் காணோம். அரளியை இடுப்பளவுக்கு வெட்டுங்கள், இடைவெளிகளை நிரப்புங்கள். குப்பைத் தொட்டியைச் சாலையோரத்திலிருந்து அகற்றுங்கள். அணைந்து கிடக்கும் தெருவிளக்குகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

வேலியை மட்டும் அடைத்துவிட்டு அதோடு நின்றுவிட்டால் பசித்த மாடு சாலையிலேயே நிற்கும். நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே புல்லுக்கு மாற்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேடு என்ற நிலக் கணக்கில், இந்த ஊரில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கான அரசு நிலம், எவ்வளவு இருந்தது, இன்று அதில் என்ன நிற்கிறது என்பதை எடுத்து நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதில் ஒரு பகுதி அரசு அலுவலகங்களாகவே மாறியிருப்பதால், மாட்டுக்காரர்களைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் தயங்குவீர்கள்.

மிச்சம் நிலம் இல்லை என்றால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றி நகராட்சிக்கே இடம் இருக்கிறது. சுத்திகரித்த தண்ணீர் ஓடைக்குத்தான் போகிறது. மதுரை அவனியாபுரத்தில் கழிவுநீர்ப் பண்ணையிலேயே புல் வளர்த்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்த வழக்கம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4 கம்பு நேப்பியர் புல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன் வரை விளையும் என்கிறார்கள். நம் மண்ணில், நம் பராமரிப்பில் அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் நாளொன்றுக்கு 200 கிலோவுக்குக் குறையாது. மாட்டுக்கு 20 கிலோ பச்சைத் தீவனம் என்றால் ஏக்கருக்குப் பத்து மாடுகள். ஐந்து ஏக்கர் இருந்தால் பூங்காவுக்கு வரும் மாடுகள் அத்தனைக்கும் காணும். உரிமம் எடுத்து, காது வில்லை எண்ணைப் பதிவு செய்து, இரவில் கட்டிப்போடுகிறவர்களுக்கு மட்டும் அந்தப் புல்லைக் குறைந்த விலைக்குக் கொடுங்கள். அப்போது அபராதத்துக்கும் ஒரு நியாயம் வரும். புல் கிடைத்த பிறகும் மாட்டைச் சாலையில் விடுகிறவருக்காக நான் பேச வரமாட்டேன். சென்னையில் கொட்டகை கட்டி, மாடு ஒன்றுக்கு நாளைக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு அடைக்க இடம் தரும் ஏற்பாடு வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய செலவு நம்மால் ஆகாது, பழைய பவுண்டின் கூரையை மாற்றினாலே இங்கே போதும்.

இவை நடக்கும்வரை சில மாதம் ஆகும் அல்லவா? அதுவரைக்கும் மாடுகளின் கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டலாம். சில ஊர்களில் போலீசார் கொம்பில் ஒட்டினார்கள். கொம்பில் ஒட்டியது மரத்தில் உரசினால் போய்விடும், கழுத்துப் பட்டைதான் நிற்கும். பட்டைச் செலவை இந்தச் சாலையில் கடை வைத்திருக்கும் நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம், பேசிவிட்டேன். பூங்காவின் இரு முனையிலும் மாடு கடக்கும் இடம் என்ற பலகையும், ஒழுங்கான அளவில் வெள்ளைக் கோடு போட்ட வேகத்தடையும் வேண்டும். வர்ணம் பூசாத வேகத்தடை மட்டும் வேண்டாம். அதில் விழுந்த வண்டிகளும் என்னிடம்தான் வருகின்றன.

அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு எங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நகல்கள் கால்நடை உதவி மருத்துவருக்கும் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் போகின்றன. விபத்துப் பதிவே இல்லை என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் என் பட்டறைப் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். தேதி, வண்டி எண், மாற்றிய பாகம் எல்லாம் அதில் இருக்கிறது. மாட்டில் மோதியவற்றுக்கு எதிரே நான் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பூங்கா எதிரே பட்டறை வைத்திருப்பவன்